ரெண்டு மெஷினும் ஒரு மோதிரமும்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் அடுத்த குழியை என் கால் மேலயே தோண்டிக்கறேன்.

என் மச்சானுக்குத் தொலைஞ்ச நகையைத் தேடிக் குடுக்கற தொழில். மண்ணுக்குள்ள உலோகம் கிடந்தா கத்துற மெஷினைப் பிடிச்சுக்கிட்டு அவன் நடப்பான். அது கத்துற இடத்துல நான் தோண்டுவேன். மூளை அவனோடது, முதுகு என்னோடது.

மெஷின் ரெண்டு வச்சிருக்கான். பழசு சரியான வாயாடி. ரொம்ப ஆழத்துல கிடக்கறதையும் மோப்பம் பிடிக்கும், ஆனா ஆணியோ தங்கமோ, எல்லாத்துக்கும் ஒரே கத்து. புதுசு படிச்ச புள்ள. இரும்பைக் கண்டுக்கவே கண்டுக்காது. தங்கம்னா ஒரு நம்பர், பித்தளைன்னா வேற நம்பர்னு பிரிச்சுக் காட்டும்.

அன்னைக்குப் போனது ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரம்மா மோதிரத்தைக் காணோம். பழி சமையல்கார அக்கா மேல. கேட் பக்கம் அக்கம்பக்கத்து ஆளுங்க வேடிக்கை.

“இவதாங்க எடுத்திருக்கா. தேடறதே தெண்டம்”ன்னாங்க அந்தம்மா, ஸ்வெட்டர் பாக்கெட்டுல வளையலில்லாத ஒரு கையை விட்டுக்கிட்டு.

வீட்டுக்காரர், “நேத்து நீ தோட்டத்துல செடி வெட்டினல்ல? தேடட்டும். கிடைக்கலைன்னா போலீஸைக் கூப்பிட்டுடறேன்”ன்னார்.

அக்கா என் பக்கத்துல வந்து, “தம்பி, நல்லாத் தேடுங்கப்பா. போலீஸ் வந்துட்டா அப்புறம் எந்த வீட்டுலயும் என்னை அடுப்புப் பக்கமே விட மாட்டாங்க”ன்னாங்க.

மச்சான் புதுசை எடுத்தான். தோட்டம் பூரா சுத்தினான். மூச்சு விடல அது. சரி, அந்தப் பக்கம் போலாம்னு மெஷினைத் தூக்கிக்கிட்டு அந்தம்மாவைத் தாண்டினான் பாருங்க... ‘டிங்’!

“மச்சான்! தங்க நம்பர்!”

“வாயை மூடுடா மாப்ள.”

பட்டுன்னு மெஷினை அணைச்சுட்டான். “இது சரிப்படாது. பழசை எடுத்துட்டு வரேன், வண்டிச் சாவிக் கொத்தைக் குடு.”

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. தங்கத்தைத் தெரிஞ்ச மெஷினை உள்ளே வச்சுட்டு, துருவுக்கெல்லாம் கத்துறதைத் தூக்கிட்டு வரான்!

அது கத்த, நான் தோண்ட... ஆணி. மறுபடி கத்த, பாட்டில் மூடி. அப்புறம் பாதி கரண்டி.

“போதும்ப்பா! தோட்டமா, சுரங்கமா?”ன்னு அந்தம்மா சத்தம் போடறாங்க.

ரோஜாச் செடி ஓரத்துல திரும்பக் கத்துச்சு. நான் மண்வெட்டியை ஓங்கறேன். “நகரு மாப்ள, நானே தோண்டறேன்”ங்கறான். செருப்பு வார் போடக்கூடக் குனியாதவன்! மண்டி போட்டு, கையாலயே மண்ணைத் தள்ளி, சேறு அப்பின வட்டமா ஒண்ணை எடுத்தான்.

“இதாம்மா?”

அந்தம்மா பறந்து வந்து பிடுங்கி, கையை இறுக்கி மூடிக்கிட்டாங்க. “இதேதான்! என் மோதிரம்!”

“எங்க, காட்டு”ன்னார் வீட்டுக்காரர்.

“சேறா இருக்குங்க. கழுவிட்டுக் காட்டறேன்.”

இன்னொரு கை பாக்கெட்டை விட்டு இன்னும் வரல.

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “அம்மா, என்னைத் திருடின்னு சொன்னப்ப இவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்கம்மா”ன்னாங்க.

அந்தம்மா வீட்டுக்குள்ள போகத் திரும்பினாங்க. மச்சான் மெதுவா, “புது மெஷினையும் ஒரு தடவை கொண்டாந்து சரிபாத்துடலாங்களாம்மா?”ன்னான்.

“வேணாம், வேணாம்!” பதறிப்போய் கேட் பக்கம் திரும்பி, “அவ எடுக்கலைங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்”ன்னாங்க, தெருவுக்கே கேக்கற மாதிரி.

வண்டியில ஏறினோம். மச்சான் என் உள்ளங்கையில சாவிங்களை உதிரி உதிரியாக் கொட்டினான்.

“எங்கடா என் சாவி வளையம்?”

“அந்தம்மா கைக்குள்ள.”

“அடப்பாவி! அது பித்தளைடா! அதைப் போய் எப்படி என் மோதிரம்னாங்க?”

“அவங்க மோதிரம்தான் பாக்கெட்டுல இருக்கே. பழி போட்டதுக்கப்புறம்தான் கையில தட்டுப்பட்டிருக்கும். எப்படிச் சொல்லித் தப்பிக்கறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு வழி காட்டினேன்.”

“இருடா. சாக்லேட் சுத்தின ஜிகினாப் பேப்பருக்கும் புதுசு அதே நம்பரைத்தானே காட்டும்? பாக்கெட்டுல வெறும் பேப்பர் இருந்திருந்தா?”

“பேப்பரா இருந்தா கையை வெளியே எடுத்திருப்பாங்க மாப்ள.”

அன்னையிலேர்ந்து என் சாவியெல்லாம் நூல்ல தொங்குது. கதையை ஓசியிலயா கேட்டீங்க? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வளையம் வாங்கித் தாங்க, பித்தளையே போதும்.

என்ன, எல்லாரும் கையைப் பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்க? வெளியே எடுங்க!