எழிலியா

“ழ-வுக்கு எந்த எழுத்துப் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார் பெரியவர். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் தாவர ஆய்வாளர் எதிர்பார்த்து வந்த கேள்வி இதுவல்ல.

“இசட், எச் ரெண்டும் சேர்த்து சார். வெளிநாட்டுக்காரங்க ‘எஜிலியா’ன்னுதான் வாசிப்பாங்க. அச்சுல வந்துட்டா அப்புறம் நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்.”

அருவிப் பாறையில் கிடைத்த பாசி அது. ‘எழில்’ என்று மட்டும் எழுதிய உறையில், தபாலில் ஆய்வகத்துக்கு வந்தது. தெரிந்த பேரினம் எதிலும் அது அடங்கவில்லை என்று இவர்கள் கண்டுபிடிப்பதற்குள், அனுப்பிய ஆள் அதே பாறையில் வழுக்கி விழுந்த செய்தி வந்துவிட்டது. ஆளை இவர் பார்த்ததே இல்லை. புதுப் பேரினத்துக்குக் கண்டெடுத்தவர் பெயரையே வைப்பதென்று முடிவாகி, விலாசம் விசாரித்து வந்திருந்தார்.

சுவரில் ஒரே ஒரு படம். அரைக்கால் சட்டை, கையில் பள்ளிக்கூடத்துக் கோப்பை, முன்பல் இல்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு எடுத்த படம் எதுவும் வீட்டில் தென்படவில்லை.

“உங்க பையனுக்கு நல்ல பேர் வச்சிருக்கீங்க சார்.”

பெரியவர் அந்தப் பெயர் எழுதிய தாளிலிருந்து தலை நிமிரவில்லை. தண்ணீர் கொண்டுவந்த அம்மாதான் பேசினாள்.

“வீட்டுல கூப்பிடுற பேர் அது. வயித்துல இருக்கும்போதே நான் வச்சது. ஆணோ பொண்ணோ, எதுக்கும் பொருந்தட்டும்னு.” யாரோ கேட்ட பேருந்து எண்ணைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“எங்க பிள்ளை பாசியெல்லாம் பொறுக்கும்னே எங்களுக்குத் தெரியாது,” என்றார் பெரியவர். “இந்தப் பக்கம் வந்தே ரொம்ப காலமாச்சு.”

அவர் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்து, பெயரின் கடைசியில் நின்றது.

“எழில்னாலே அழகுதானே. இந்த ‘இயா’ எதுக்கு?”

“பேரினம்னா லத்தீன் முடிவு வேணும் சார்.”

“பொம்பளை பேர் மாதிரி இருக்கே.”

இதற்குத்தான் ஆய்வாளர் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார்.

“பெண்பால் பேர்தான் சார். ஆம்பளை நினைவா வச்சாலும் பேரினத்தை அப்படித்தான் முடிக்கிறது வழக்கம். உங்க பையனைக் குறைச்சுச் சொல்றதா நினைச்சுக்காதீங்க. மனசுக்கு ஒப்பலைன்னா சொல்லிடுங்க, அந்த மலையோட பேரையே வச்சுடறோம்.”

அம்மா காலி டம்ளரோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பார்வை கணவர் முகத்தை விட்டு நகரவில்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். கண்கள் காய்ந்து கிடந்தன.

“பரவாயில்லை சார், மாத்திடறோம்,” என்று ஆய்வாளர் தாளை எடுக்கப் போனார்.

அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார் பெரியவர்.

“மாத்தாதீங்க தம்பி. அவளும் தன்னைப் பொண்ணுன்னுதான் சொன்னா.”