நாலுக்குள் அடங்காத மெட்டு

கோயில் பாடகர் குழுவுக்காகக் கிருபாவதி தானே போட்ட மெட்டை இசைத்தாளில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிவிட்டது. நான்கு நான்காகத் தட்டி எழுதினால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தட்டு மிஞ்சியது. அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோனது.

"நாலுக்குள்ள அடங்க மாட்டேங்குதுங்க," என்று படுக்கையில் கிடந்த கணவர் தாசனிடம் சொன்னாள். பக்கவாதம் வந்தபின் அவர் பேசவில்லை. சொல்வது புரிகிறதா என்று மருத்துவருக்கே சந்தேகம்.

அவள் மறுபடி பாடிப் பார்த்தாள். அவருடைய இடது கை விரல் கட்டில் சட்டத்தைத் தட்டியது. ஐந்து தட்டு. அடுத்த கட்டத்துக்கும் ஐந்து.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான்கை அழித்து ஐந்து என்று எழுதினாள்.

"இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

அவள் பாட்டை நிறுத்தியிருந்தாள். விரல் மெல்ல ஒருமுறை தட்டியது.