பிள்ளைப் பானை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. இந்த மழைச் சத்தத்தில் என் குரல் எட்டாது. ஒரு பானையின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

பேச்சிமுத்து பிரசவ அறை வாசலில், மண்பானையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

கட்டடங்களுக்குப் பூச்சுவேலை செய்கிறவன். திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்து, கரமனை ஆற்றோரம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறவன்.

அது மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சியில் செய்த பானை. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது வாங்கி, பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

பிள்ளையோடு வருகிற நஞ்சுக்கொடியை, மஞ்சளும் உப்பும் இட்டுப் புதுப்பானையில் வைத்துப் புதைப்பது அவன் வீட்டு வழக்கம். பின்பக்கத் தென்னையடியில் புதைத்துக்கொள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

இந்த ஊரில் பிள்ளைக்கு அந்தக் குழி மண்ணாவது சொந்தமாக இருக்கட்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை.

காலையில்தான் பானையைத் தேய்த்துக் கழுவினான். அப்படியும் அடியில் பாசி வாசம் போகவில்லை.

பிள்ளை பிறந்தது.

அழவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். மலையாளம் பேசுகிறவர், அவனுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

ஆறாம் மாதத்தில் அவன் மனைவி அஜிதாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததல்லவா? அவள் எழுந்து சோறு பொங்கிய அன்றே எல்லாம் சரியாயிற்று என்றுதான் இவர்கள் நினைத்தார்கள். தாயை விட்ட கிருமி நஞ்சுக்கொடியை விடாமல் இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. கொடி சுருங்கி, அங்கங்கே வெளுத்துக் கிடக்கிறதாம். பிள்ளைக்கு மூச்சும் சோறும் அதன் வழியாகத்தானே போகவேண்டும்?

"தீர்த்துச் சொல்ல முடியாது, பேச்சிமுத்து. லாபுக்கு அனுப்பி நோக்கணும். அடுத்த பிள்ளைக்காவது உதவும்."

கொடுக்க மனசில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

"வீட்டைச் சுத்தி எங்கயாவது வெள்ளம் தேங்கி நிக்குதோ? கொசு பெருகும்."

"இல்ல மேடம். அம்மிணிச் சேச்சி வந்து எல்லாத்தயும் கவுத்திட்டுத்தான் போனாவ."

சொல்லி முடிக்கும் முன்பே பானையின் கழுத்தில் அவன் கை இறுகியது.

அம்மிணி அந்தத் தெருவுக்கு வருகிற சுகாதார ஊழியர். காய்ச்சலுக்கு முன்பே, மழை தொடங்கியபோது வந்தார். வாளியைக் கவிழ்த்தார், பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார், தேங்காய்ச் சிரட்டையைக்கூட விடவில்லை. தென்னையடியில் இருந்த பானைக்குக் கை நீட்டியபோது அவன் குறுக்கே போய் நின்றான்.

"அது பிள்ளைப் பானை, சேச்சி. கவுத்தப்பிடாது."

பிள்ளை பிறக்கும் முன் அந்தப் பானை வாசற்படி ஏறவும் கூடாது, வாய் கவிழவும் கூடாது. அவன் ஆத்தா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மிணி சிரித்தார். "எடா மோனே, கொசுவுக்கு அது அறியுமோ? அதுவும் பிள்ளை பெறத்தான் இடம் தேடி வருது."

அவனும் சிரித்தான். சேச்சி கேட்டுக்கொண்டதற்காகத் தண்ணீரை அன்றைக்குக் கோரி ஊற்றினான். மறுநாள் மழை நிரப்பியது. அதன்பிறகு அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்தக் கொசு எந்தத் தண்ணீரில் பிறந்ததோ, யார் கண்டது? ஊரெல்லாம் மழை, ஊரெல்லாம் தண்ணீர். அவனைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள், கண்ணுகளா. அதை அவனே சொல்லிக்கொள்வான், சாகிற வரைக்கும்.

உள்ளேயிருந்து அஜிதாவின் குரல் மெலிசாய் வந்தது. "கொடிய வாங்கிட்டியளா?"

அவன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தான். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல், பானையைத் தரையில் மெதுவாகக் கவிழ்த்து வைத்தான்.

கதை அவ்வளவுதான். போய் வாருங்கள், தங்கங்களா. உங்கள் வீட்டுத் தொட்டில்கள் நிறைந்து ஆடட்டும். வெறும் பானைகள் எல்லாம் கவிழ்ந்தே கிடக்கட்டும்.