செம்பருத்தி இல்லாத கவுன்

"அழகிப் போட்டிக்குப் போய் கறுப்பாம்மா? செம்பருத்தி, கடல்னு எவ்வளவு இருக்கு!" என்றாள் சிசிலியா.

"வாயை மூடிட்டு அளவுக்கு நில்லுடி," என்றாள் லெசியெலி அலுப்போடு.

செம்பருத்திக் கவுனும் பாசிப்பச்சைக் கவுனும் பெட்டியில் கிடந்தன. போன இரண்டு வருடமும் போட்டி வாரத்தில் உறவில் ஒரு சாவு. டோங்காவில் துக்கத்துக்குக் கறுப்புதான். மகள் இரவல் கறுப்பு உடையில் மேடையேறித் தோற்றாள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

"இந்தத் தடவை எவன் செத்தாலும் கவலையில்ல." கறுப்புப் பட்டில் மரப்பட்டைத் துணியால் தென்னையோலைக் கரை வைத்தாள்.

போட்டியன்று, மேடையோரம் கறுப்புக் கவுனைப் பார்த்த பெண் அமைப்பாளர் ஓடிவந்து லெசியெலியைக் கட்டிக்கொண்டார். "ஐயோ, யாரு போயிட்டாங்கக்கா?"

லெசியெலி திரும்பிப் பார்த்தாள். முன்வரிசைகளில் அறுபது சொந்தக்காரர்களும் சிவப்பும் பச்சையுமாக, கல்லுக்குண்டு போல உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.