தம்பிக்குன்னு ஒரு சட்டி

“ஏட்டி செல்வி, அந்தச் சின்னச் சட்டிக் குழம்ப வேற யாருக்கும் ஊத்திராத. அது தம்பிக்குன்னு எடுத்து வச்சது” என்றாள் மாரித்தாய்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுடலைராஜ்தான் அந்தத் தம்பி. தலையை லேசாக ஆட்டிக்கொண்டான். எந்தச் சாப்பாட்டுக் கடையைப் படம் பிடிக்கப் போனாலும் அவனுக்கென்று எதையாவது எடுத்து வைத்திருப்பார்கள், பழகிப்போன விஷயம். இன்ஸ்டாகிராமில் அவன் பெயர் ‘டேஸ்ட் ராஜ்’. பெற்றவர்கள் ஆசையாக வைத்த சுடலையைக் கழற்றிவிட்டு இரண்டு வருஷமாகிறது. அந்தப் புண்ணியத்தில் இரண்டு லட்சம் பேர் அவன் பின்னால் வருகிறார்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகிற ரோட்டில் இருக்கிறது மாரித்தாயின் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, நாலு பெஞ்சு, போர்டு கிடையாது. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்களும் பஸ்காரர்களும்தான் வாடிக்கை. யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி தினமும் ஒரே ஒரு அண்டா சோறு பொங்குவாள். பரிமாற மகள் இசக்கிச்செல்வி.

போன மாசம் எவனோ ஒருத்தன் இங்கே அணை மீன் குழம்பு தின்று படம் பிடித்துப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அருவிக்குப் போகிற கார்களெல்லாம் இங்கே ஒரு தடவை நின்றுதான் போகின்றன. தனக்கு முன்னால் இன்னொருத்தன் கண்டுபிடித்துவிட்டானே என்று சுடலைராஜுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

“இதெல்லாம் ஒரு கூட்டமாக்கா? நான் ஒரு வீடியோ போட்டேன்னு வைங்க, மெட்ராஸ்ல இருந்து காரு வரும். உங்க கடை இப்ப என் விரல்லதான் இருக்கு.”

“எல்லாம் உங்க கையிலதான் தம்பி” என்றாள் மாரித்தாய்.

கண்டக்டர் காசிலிங்கம் கை கழுவிவிட்டு அவசரமாக வந்து உட்கார்ந்தார். “ஏ மாரி, இன்னைக்காவது சோறு உண்டுமா? நேத்து காருக்காரங்க அண்டாவ வழிச்சிட்டுப் போயிட்டாங்க. வெறும் வயித்தோட பாபநாசம் வரைக்கும் விசிலடிச்சேன்.”

மாரித்தாய் முகம் வாடிவிட்டது. “இருக்கு அண்ணாச்சி, உக்காருங்க. என்ன செய்ய, எங்கிட்ட ஒரு அண்டாதான இருக்கு.”

“பெரிய அண்டாவா வாங்குங்கக்கா! லோடுமேனையும் கண்டக்டரையும் நம்பியா கடை நடத்துறது?” அவர்கள் காதில் விழட்டும் என்றேதான் சொன்னான் சுடலைராஜ். பிறகு ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லோடுமேனைப் பார்த்து, “வெளிச்சம் இங்கனதான் நல்லாருக்கு, கொஞ்சம் எந்திரிங்க” என்றான். அந்த ஆள் பாதிச் சோற்றோடு இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

தலையைக் கோதிக்கொண்டு போனை ஜன்னல் கம்பியில் மாட்டினான். கேமரா ஓட ஆரம்பித்ததும் அம்பாசமுத்திரத்து வாய் சென்னைக்குப் போய்விட்டது.

“ஹாய் மக்களே! செம்ம பசில வந்துருக்கோம், வேற லெவல் மீன் கொழம்பு, வாங்க சாப்டலாம்!”

செல்வி சின்னச் சட்டியைச் சாய்த்து ஊற்றினாள். வாயில் வைப்பதற்கு முன்பே கண்ணை மூடி ரசித்துக் காட்டிவிட்டு, ஒரு கவளத்தைப் போட்டான்.

“த்தூ! என்னளா இது, ஒரே உப்பு!” வாய் ஒரே நொடியில் ஊர் திரும்பியிருந்தது.

மாரித்தாய் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “ஐயோ தம்பி, கை தவறியிருக்கும். இத மட்டும் போட்றாதிய. கும்புடுதேன்.”

கும்பிட்ட கையைக் கண்டால் சில பேருக்குத் தெம்பு கூடும். சுடலைராஜ் அந்த ரகம். அந்தக் கையையும் சேர்த்துப் படம் பிடித்தான்.

“இந்தக் கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்துறாதீங்க மக்களே! கொழம்பா இது? உப்பளம்! நம்பி காரை நிறுத்துனீங்க, நாக்கு காலி!”

பக்கத்தில் காசிலிங்கம் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தார். சுடலைராஜ் முகத்தைச் சுளித்தான். “இவங்களுக்கெல்லாம் நாக்கு செத்து வருசக்கணக்காச்சு.”

அங்கேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டி, கடை இருக்கும் இடத்தையும் மறக்காமல் குறித்துப் போட்டுவிட்டான். அஞ்சு நிமிஷத்தில் ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாத்தியளா? அணையப் பாக்க வாற ஒரு காரு இனிமே இங்கன நிக்காது.”

“அப்பிடியா தம்பி?” மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

சாப்பிட்டதற்குக் காசு என்று ஒன்று உண்டு என்பதே நினைவில்லாதவன்போலப் பைக்கை உதைத்துக் கிளம்பினான். அவன் போன கையோடு ஒரு வெள்ளைக் கார் வந்து கடைக்கு எதிரே நின்றது. உள்ளே ஒரு பெண் போனை எடுத்து டிரைவரிடம் காட்டினாள். கதவைத் திறக்காமலே கார் அருவிப் பக்கம் போய்விட்டது.

கார் மறைகிற வரைக்கும் மாரித்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காசிலிங்கத்தின் இலையில் இன்னும் ரெண்டு கரண்டி சோறு வைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி செல்வி, அந்த உப்புச் சட்டியக் கழுவி வையி. நாளைக்கும் ஒருத்தன் படம் புடிக்க வாறானாம்.”