பாதி ஜாங்கிரி

மூன்று மாதமாக வடிவு கனவில்தான் ஜாங்கிரி தின்றாள். கணவர் பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை ஏறியதும் துணைக்கு அவளும் இனிப்பை நிறுத்தியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிதோறும் ஒரே ஜாங்கிரியைப் பிட்டுத் தின்றவர்கள். பேச்சுவார்த்தை இல்லாத வாரங்களில்கூட அது தப்பியதில்லை. வாரத்துக்கு ஒன்று தின்னலாம் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பொட்டலத்தைப் பிரித்தார்.

வடிவு கடித்தாள். ஒரே திகட்டல். மத்தியானம் தின்ற கேரட் இதைவிட இனித்ததே என்று நாக்கு தவித்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"எப்படி இருக்கு?"

"அதே ருசிதாங்க."

"பின்னே? அடுத்த வெள்ளிக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றபடி அவர் வாய் கொப்பளிக்க அடுக்களைக்குப் போனார்.

குழாய் வெகுநேரம் ஓடியது. தட்டில் அவர் வைத்துவிட்டுப் போன பாதியில் ஓரம் மட்டுமே குறைந்திருந்தது. ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பச்சைக் கேரட்டைக் கடிக்கும் சத்தம், மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல.

"ஏங்க," என்றாள் எழாமலே, "எனக்கும் பாதி."

கடிக்கும் சத்தம் நின்றது.