அடிக்கட்டைக்கு வந்த ஓய்வு

பழைய கார் கொட்டகையின் மரச்சுவரைத் தரையோடு கிடந்த ஒரு கட்டைதான் தாங்கியது. மழை ஈரத்தில் அது இற்றுக்கொண்டே வந்தது.

"என்னால முடியல," என்று அது வருஷாவருஷம் முனகும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. நீ அசைஞ்சா நாங்க எல்லாரும் விழுந்திடுவோம்," என்று அதன்மேல் நின்ற தூண் சொல்லும்.

கடைசியில் சுவர் இறங்கி, கதவைச் சாத்த முடியாமல் போனது. தச்சர் வந்து ஜாக்கி வைத்துச் சுவரைத் தூக்கினார். கட்டையை உருவியபோது பாதி தூளாகக் கொட்டியது. அந்த இடத்தில் புதுக்கட்டையைச் செருகினார்.

"இவ்வளவு மோசமாவா இருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றது தூண்.

பழைய கட்டை வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

புதுக்கட்டை மெதுவாகக் கேட்டது: "அண்ணே, ஈரம் எந்தப் பக்கமா வரும்?"

"கதவுப் பக்கம், தம்பி. முதல் மழையிலேயே கத்திடு."